தறிக்குழியை விட்டு ஏறும் நேரம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மாலை டீயைக் கடையில் நின்று குடிப்பவர்கள் பாதிப் பேர்தான். மீதி டீ தூக்குவாளியில் வீட்டுக்குப் போகும். தறியில் இருப்பவர்கள் இறங்கி வந்து குடித்துவிட்டுத் திரும்பப் போனால் அரை மணி நேர நெசவு போய்விடும் என்பது கணக்கு. அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, ஐம்பதை நெருங்கும் ஒரு நெசவாளி அம்மா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணா, எங்க வீட்ல பெரிய சண்டையும் இல்ல, பெரிய வியாதியும் இல்ல. பையன் ஒரகடத்துல கம்பெனிக்குப் போறான். பொண்ணு காலேஜ் முடிக்கப் போறா. ஆனா ஒருத்தர் மூஞ்சிலயும் களை இல்ல. எதுனால?"

அந்த டீ ஆறுவதற்குள் என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மிச்சத்தை இங்கே பொறுமையாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வீட்டைப் பாருங்கள். கூடத்தின் முக்கால் பங்கு தறி. மீதிக் கால் பங்கில் சாப்பாடு, படிப்பு, படுக்கை, டிவி. கம்பெனிக்குப் போகிறவருக்கு ஒரு பஸ் இருக்கிறது. வேலை முடிந்து அதில் ஏறி உட்கார்ந்தால், வீடு வந்து சேர்வதற்குள் மனசு மெல்ல வேலையைக் கழற்றிவிடும். நெசவாளிக்கு அந்த பஸ் இல்லை. தறிக்குழியிலிருந்து காலைத் தூக்கி வைத்தால் வீடு, காலை இறக்கினால் வேலை.

இதில் கோர்வைச் சேலை இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் நெய்யும்போதே கோர்க்க வேண்டும். அதற்கு ஊடு இழையை ஓட்டும் நாடா மூன்று வேண்டும், நெய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட இன்னொரு ஆளும் வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் அந்த இடத்தில் பெரும்பாலும் சிறு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பிறகு அவர்கள் பள்ளிக்கூடம் போனார்கள். இந்த ஊருக்கு நடந்த பெரிய நல்ல காரியங்களில் அது ஒன்று. அந்த இடத்துக்குப் பல வீடுகளில் மனைவி வந்தார். ஆக, காலை ஆறு மணி முதல் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முழ இடைவெளியில் இருக்கிறார்கள். வீட்டுப் பேச்சும் தறிப் பேச்சும் ஒரே பாவில் ஓடுகின்றன. "நாடாவைக் கொஞ்சம் இழுத்துப் போடுன்னேன்ல" என்று தொடங்குவது, பத்து நிமிடத்தில் "உங்க அம்மா வீட்ல எதைத்தான் கத்துக் குடுத்தாங்க" என்று முடிகிறது. பத்து மணிக்கு ஜரிகை அறுந்த கோபம் ராத்திரிச் சோற்றுத் தட்டில் வந்து விழுகிறது.

அதனால் அந்த அம்மாவிடம் நான் முதலில் சொன்னது, வேலைக்கு ஒரு முடிவு நேரம் வையுங்கள் என்பதுதான். விளக்கு வைக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் தறியில் உட்கார வேண்டிய அவசரம் வந்தாலும், அது விதிவிலக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். இறங்கியதும் முகம் கை கால் கழுவி, சட்டையை மாற்றி, வெளியே ஒரு நடை. பிள்ளையார்பாளையத்திலிருந்து கைலாசநாதர் கோயில் நடக்கும் தூரம்தான். எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கோயில். சுற்று மதிலை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சன்னதிகள், முன்னால் புல்வெளி, ஏகாம்பரநாதர் கோயில் அளவுக்குக் கூட்டமும் கிடையாது. நாள் முழுக்க மடங்கிக் கிடந்த முதுகும், ஓர் அடி தூரத்து இழையையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணும் தூரத்தைப் பார்க்கட்டும். நடந்து போய் வரும் அந்த நேரம்தான் நெசவாளிக்கு பஸ். சாமி கும்பிடுவது உங்கள் விருப்பம், நடை மட்டும் தவறக் கூடாது.

இன்னொன்றும் சொன்னேன். அமாவாசையன்று தறியில் உட்காராத பழைய வழக்கம் நெசவாளர் வீடுகளில் உண்டு. கூலி வேலை நெருக்கத்தில் பலரும் அதை விட்டுவிட்டார்கள். விடாதீர்கள். மாதத்தில் ஒரு முழு நாள் வீடு வீடாக மட்டும் இருப்பதற்கு நம் பெரியவர்கள் பார்த்து வைத்த ஏற்பாடு அது.

அடுத்தது பேச்சு. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். குடும்ப மனநலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் உறுதியான சான்று உள்ள இடம் இதுதான்.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950களில் ஒன்றைக் கவனித்தார். மனச்சிதைவு நோய் தணிந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் சிலருக்கு நோய் சீக்கிரமே திரும்பியது, சிலருக்குத் திரும்பவில்லை. எந்த வீட்டுக்குத் திரும்பினார்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருந்தது. அவரும் கூட இருந்தவர்களும் 1972இல் வெளியிட்ட ஆய்வில் 101 நோயாளிகள். குறைகூறலும் வெறுப்பும், மூச்சு முட்டும் அளவுக்குப் பொத்திப் பொத்திப் பார்ப்பதும் மிகுந்த வீடுகளுக்குப் போனவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அவை குறைந்த வீடுகளுக்குப் போனவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது. பிறகு மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதே போக்கைக் கண்டார்கள்.

இங்கே ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. குடும்பம் நோயை உண்டாக்குகிறது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. உடம்பு தேறிவரும் ஒருவரை வீட்டின் பேச்சு தாங்கவும் செய்யும், சாய்க்கவும் செய்யும் என்பதுதான் அதன் பொருள். சண்டிகரில் 1980களில் மருத்துவர் விக் குழுவினர் இதே முறையில் குடும்பங்களைப் பார்த்தபோது, லண்டன் குடும்பங்களைவிட அங்கே குறைகூறல் குறைவாக இருந்தது. நம் வீடுகளில் இந்த பலம் ஏற்கெனவே இருக்கிறது. களைப்பும் கடனும் சேரும்போது அது தேய்கிறது.

இதைத் தறி வீட்டுக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும். "இந்த இடத்துல இழை விட்டுப் போச்சு பாரு" என்பது வேலையைப் பற்றிய பேச்சு. "உனக்குக் கண்ணு எங்க இருக்கு" என்பது ஆளைப் பற்றிய பேச்சு. முதலாவதைக் கேட்டவர் இழையைப் பிணைப்பார். இரண்டாவதைக் கேட்டவர் வாயை மூடிக்கொண்டு நாள் முழுக்க அதையே மென்றுகொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவரிடம் குறையே சொல்லாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது நடக்காது, சேலையும் பாழாகும். ஆளை விட்டுவிட்டு இழையைச் சொல்லுங்கள் என்கிறேன். அதோடு, நன்றாக வந்ததையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம்மில் பலருக்கு அது வராது. மனசுக்குள் மெச்சிக்கொள்வோம், சொன்னால் திமிர் ஏறிவிடும் என்று பயப்படுவோம். முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போட்டவரிடம் "இன்னைக்குக் கரை நல்லா ஒட்டி வந்திருக்கு" என்று ஒரு தடவை சொல்வதில் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

இப்போது பையனுக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளுக்குப் பிள்ளைகள் போகத் தொடங்கிய பிறகு, பல நெசவாளர் வீடுகளில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. அப்பாவுக்கு விடிந்தால் வேலை. பையன் இரவு ஷிப்ட் முடிந்து விடிந்தபின் வந்து படுக்கிறான். அவன் தலைமாட்டில் தறி ஓடுகிறது. இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து எரிந்து விழுகிறான். "சம்பாதிக்கிற திமிர்" என்று அப்பா நினைக்கிறார். அது திமிர் அல்ல, தூக்கமின்மை. வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். நாள்கணக்கில் அது கிடைக்காவிட்டால் கோபம், மறதி, படபடப்பு, எதிலும் பிடிப்பின்மை எல்லாம் வரும்.

அந்த வீட்டில் நாங்கள் யோசித்த ஏற்பாடு இது. பையன் வந்து படுத்த முதல் நாலு மணி நேரம் தறி ஓடாது. இழை பிணைப்பது, தார் எடுத்து வைப்பது, நெசவாளர் சொசைட்டிக்குப் போய்வருவது போன்ற சத்தமில்லாத வேலைகளை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்வது. அவன் பின்கட்டில், கனத்த திரை போட்ட இருட்டில், ஃபோனை வெளியே வைத்துவிட்டுப் படுப்பது. மீதித் தூக்கத்தை மத்தியானம் போட்டுக்கொள்வது. எல்லா வீட்டிலும் பின்கட்டு இருக்காது, எல்லா வாரமும் நாலு மணி நேரம் தறியை நிறுத்தவும் முடியாது. இரண்டு மணி நேரம் முடிந்தால் அதுவும் லாபம்தான். வீடே சேர்ந்து ஒருவன் தூக்கத்தைக் காப்பாற்றுகிறது என்று அவனுக்குத் தெரிவதே பாதி மருந்து.

கையில் டம்ளர் இருக்கும்போதே டீயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டீயிலுள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குப் படுப்பவர் நாலு மணி டீயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஷிப்ட் முடிந்து காலையில் படுக்கப் போகிறவர் விடிகாலை டீயை விட்டுவிட வேண்டும். தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லும் சாராயம் இதைவிட மோசம். சீக்கிரம் கண்ணைச் செருக வைத்து, பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும்.

பணக்கவலை இந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. முதலாளியிடம் வாங்கிய முன்பணம், ஐப்பசி கார்த்திகையில் குழியில் ஈரம் ஊறித் தறி நின்றுபோகும் வாரங்கள், கல்யாணக் கடன். பணத்துக்கு என்னிடம் வழி இல்லை. ஆனால் கடன் ஒருவர் நெஞ்சில் மட்டும் இருக்கும்போது அழுத்துவதற்கும், நோட்டில் எழுதி நாலு பேர் நடுவே வைத்தபின் அழுத்துவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அமாவாசை நாளில் ஒரு மணி நேரம் கணக்குக்கு ஒதுக்குங்கள். மற்ற நாளில் ராத்திரிச் சாப்பாட்டின்போது கடன் பேச்சு வேண்டாம். பெரிய பிள்ளைகளிடம் உண்மையை அளவோடு சொல்லுங்கள். அப்பா அம்மா குசுகுசுவென்று பேசுவதைக் கேட்டு அவர்களாகக் கற்பனை செய்துகொள்வது நிஜத்தைவிடப் பயங்கரமாக இருக்கும்.

அந்த அம்மா இடையில் கேட்டார்: "எல்லாம் சரிண்ணா, நான் யார்கிட்ட சொல்றது?"

நாங்கள் உட்கார்ந்திருந்த திண்ணையைக் காட்டினேன். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரே. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் இருக்கிறார். அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு வர பஸ் காசு இல்லாமல் போய், உயிரை மாய்த்துக்கொண்டாள். அதன்பின் 2006இல் அவர் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களின் வாசலில் மர பெஞ்சுகளில் உட்கார வைத்தார். மனசு சரியில்லாதவர் வந்து பாட்டி பக்கத்தில் உட்காரலாம். பாட்டி முதலில் கேட்பார். பிறகு இருக்கும் கஷ்டங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்வார். அதற்கு இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்தை இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள். அவ்வளவுதான். 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் தெளிவாகத் தேறியிருந்தார்கள். அந்த ஊர் மொழியில் மனச்சோர்வை 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். "எப்பப் பாரு யோசனையாவே இருக்கான்" என்று நாம் சொல்வது அதையேதான்.

அந்தப் பாட்டிமார்கள் செய்வதில் கடினமான பகுதி கேட்பது. நாம் கேட்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா?" என்ற ஒரு கேள்வி போதும், எதிரில் இருப்பவர் அதற்குமேல் வாய் திறக்க மாட்டார். "அப்புறம்?" என்று கேளுங்கள். "எனக்கே கேக்கக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லுங்கள். கொஞ்ச நேரம் சும்மா பக்கத்தில் இருங்கள். தெருவில் திண்ணைகள் குறைந்துவிட்டன என்பது உண்மைதான். வாசல்படி போதும்.

இவ்வளவும் வாழ்க்கை தரும் சோர்வுக்கு. இதைத் தாண்டி நோயாக ஆகும் நிலையும் உண்டு. அதை எப்படி அடையாளம் காண்பது? பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தோ, பிடித்த எதிலும் பிடிப்பில்லாமலோ இரண்டு வாரம் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் "மனசு சோர்வா இருக்கு" என்று சொல்ல மாட்டார்கள். "உடம்பெல்லாம் வலி", "நெஞ்சு படபடன்னு வருது", "கை கால் அசதி" என்பார்கள். தறிக்காரருக்கு முதுகுவலி எப்போதும் உண்டு, அதனால் வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வேறு அறிகுறிகளைப் பாருங்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு நெய்தவர் பாட்டை நிறுத்திவிட்டாரா? கண்ணை மூடிக்கொண்டு போடும் புட்டாவில் தப்பு விடுகிறாரா? சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் சாக்குச் சொல்கிறாரா?

"இருந்து என்ன பிரயோஜனம்" என்று யாராவது சொன்னால் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக விட்டுவிடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். அப்படி நடப்பதில்லை. கேட்டதும் பல பேர் அழுவார்கள், பிறகு பேசுவார்கள். அவரைத் தனியாக விடாமல் உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை. காஞ்சிபுரம் கோயில் ஊர். இங்கே மனசு பேதலித்தால் முதலில் நினைவுக்கு வருவது மலையேறிச் சேவிக்கும் சோளிங்கர். போங்கள். கோயில் தரும் ஆறுதல் பொய்யல்ல. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. யாரும் மிரட்டாத, ஏசாத இடம், கூட வந்து தங்கிய குடும்பம் என்பதை ஆய்வு நடத்திய மருத்துவர்களே காரணமாகச் சொன்னார்கள். ஆனால் மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் தர்கா ஊரான ஏர்வாடியை மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. விபூதியும் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையும் போடுங்கள். ஒன்றுக்காக ஒன்றை விட வேண்டியதில்லை.

கடைசியாக, நம் மாவட்டத்துக் கதை ஒன்று. செங்கல்பட்டு பிரியாத பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில், மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் ஓர் ஆய்வில் பங்கெடுத்தது. கோவாவும் மகாராஷ்டிரத்தின் சாத்தாராவும் மற்ற இரண்டு இடங்கள். மனச்சிதைவு உள்ள 282 பேர். எல்லாருக்கும் மருத்துவமனை சிகிச்சை உண்டு. அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் ஒரு வருஷம் போய்வந்தார்கள். மருத்துவர்கள் அல்ல, அந்தப் பக்கத்து ஆட்கள். நோய் என்ன என்று குடும்பத்துக்கு விளக்கினார்கள், மாத்திரையை நினைவுபடுத்தினார்கள், குளிக்க, வெளியே வர, ஏதாவது வேலையில் ஒட்டிக்கொள்ள உதவினார்கள், வீட்டாரின் அலுப்பையும் கேட்டார்கள். முடிவுகள் 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. வீட்டுக்குப் போய்வந்தது கூடுதல் பலன் தந்தது. மூன்று இடங்களில் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான். கடும் நோய்க்கே பொறுமையான உள்ளூர் ஆட்களும் விவரம் தெரிந்த குடும்பமும் இவ்வளவு செய்ய முடியுமென்றால், களை இழந்த ஒரு வீட்டுக்கு நிச்சயம் செய்ய முடியும்.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மாவின் தினசரிக் காலண்டரில் ஓர் எண்ணை எழுதிவிட்டு வந்தேன். நீங்களும் உங்கள் வீட்டில் எழுதி வையுங்கள்: 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.